நான்காவது கிளாம்ப்

தொண்ணூற்றேழாம் ஆண்டு ஆவணி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் அந்தப் பம்ப் வீட்டுச் சுவரில் சைக்கிளைச் சாத்தினேன். பேய்க்குப் பயப்படுகிற நேரமில்லை அது. எனக்கும் அந்தப் பழக்கமில்லை. கரியரில் ஒரு சாக்கு. சாக்குக்குள் ஸ்பானர்கள், ஒரு அரம், ஒரு சுத்தியல், முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒன்று, முக்கால் முழம் நீளத்தில் தடித்த ரப்பர் ஹோஸ் ஒன்று. எரிந்துபோன லொறியின் அடியிலிருந்து யாரோ கழற்றிக் கொண்டுவந்த ஹோஸ் அது.

நான் தீவில் இருக்கும் பேசாலை ஊர்க்காரன். பெயர் கிறகரி. ஒரு ஐஸ் தொழிற்சாலையில் பதினொரு வருடம் பம்ப் திருத்தினேன். சண்டை எங்களைத் தீவிலிருந்து தள்ளி, பாப்பாமோட்டைக்கு அப்பால் கரையோரப் பற்றைக்காட்டில் கொண்டுபோய் விட்டது. அங்கே கிடுகுக்கும் தறப்பாளுக்கும் கீழே நானூறு குடும்பங்கள். என் மனைவியும் நாலு வயது மகளும் நானும் அதில் ஒரு குடும்பம்.

முகாமில் எங்கே தோண்டினாலும் உப்பும் மஞ்சளுமாகத்தான் தண்ணீர் ஊறும். நல்ல தண்ணீர் இரண்டு மைல் தள்ளி, ஒரு காலத்தில் யாரோ வயலுக்கு இறைக்கக் கட்டிய கிணற்றில் இருந்தது. அங்கே ஒரு எஞ்சினும் பம்பும். அங்கிருந்து முகாமின் தண்ணீர்த் தாங்கிவரை குழாய். குழாயில் தண்ணீர் நின்றால் சனம் குழிகளில் அள்ளிக் குடிக்கும். குடித்தால் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். ஐந்து சின்னச் சவக்குழிகளை ஏற்கனவே வெட்டி மூடியாகிவிட்டது. கிணற்றுக்கே போய் அள்ளலாமே என்று கேட்பீர்கள். குடத்தோடு போன மூன்று பெண்கள் பாதையில் ஷெல் விழுந்து செத்தார்கள். அதன் பிறகு தண்ணீர் அள்ள யாரும் போவதில்லை.

என்னை அனுப்பியவர் லூர்தம்மா, முகாமின் தண்ணீர்க் குழுத் தலைவி. ஹோஸைக் கையில் தரும்போது என் முகத்துக்கு நேரே சொன்னார்.

"தம்பி, அஞ்சு கிழமையில மூண்டு ஹோஸ் வெட்டுப்பட்டுப் போச்சுது. இதுதான் கடைசி. ரப்பருக்குத் தடை, பற்றரிக்குத் தடை, எல்லாத்துக்கும் தடை. இதையும் வெட்டிப்போட்டு வந்து நிக்காதையும். நிண்டா, குழி வெட்டுற ஆக்களுக்கு நீர்தான் போய்ச் சொல்லவேணும்."

பம்ப் வீட்டின் ஜன்னல்களை ஷெல்லுக்குப் பயந்து மண்மூட்டையால் அடைத்திருந்தார்கள். காலை வெயில் வாசற்படியோடு நின்றுவிட்டது. அதற்கு அப்பால் இருட்டு. எரிந்த மண்ணெண்ணெய் மணம், நனைந்த ரப்பர் மணம், பழைய கிறீஸ் மணம். சோளகக் காற்று வெளியே பனைகளைப் பிடித்து ஆட்டியது. உள்ளே ஒரு தூசிகூட அசையவில்லை.

எஞ்சின் ஓட்டுகிற கதிர்காமு வாசலில் நின்றார். ஐம்பது வயதிருக்கும். மலையகத்துத் தோட்டத்திலிருந்து எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் துரத்தப்பட்டு வந்து பாப்பாமோட்டையில் குடியேறியவர். முகாமில் யாரும் அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. லோறன்ஸைக் கொன்றவர் என்று பெயர்.

லோறன்ஸ் எனக்கு முன்பு அங்கே பம்ப் திருத்தியவர். வங்காலை ஆள். அவர் கதையை எனக்கு முகாமில் பத்துப் பேர் சொல்லிவிட்டார்கள். பம்புக்குள் கை வைக்கும் முன்பு, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும் ஹாண்டிலில் தன் செபமாலையைக் கொழுவிவிடுவாராம். மாலை தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். ஒருவரும் ஹாண்டிலைத் தொடக்கூடாது. கொழுவியவர்தான் எடுக்கவேண்டும். ஐஸ் தொழிற்சாலையில் நாங்கள் ஹாண்டிலையே கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போவோம். லோறன்ஸ் அதைக் கேட்டுச் சிரித்திருப்பார். ஹாண்டில் இல்லாவிட்டால் இன்னொரு இரும்பை வளைத்துச் சுற்றிவிடுவான்கள், மாலையைத் தாண்டிக் கை வைக்க எந்த வேதக்காரனும் துணியமாட்டான், சைவக்காரனும் துணியமாட்டான் என்று சொல்வாராம்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம் லோறன்ஸ் பம்புக்குப் பின்னால் படுத்து வேலை செய்துகொண்டிருந்தபோது ஷெல் விழத் தொடங்கியது. எல்லோரும் பங்கருக்கு ஓடினார்கள். ஓய்ந்த பிறகு கதிர்காமு வந்து எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினார். எஞ்சினையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங் முதலில் லோறன்ஸின் சாரத்தைப் பிடித்தது. பிறகு ஆளைப் பிடித்தது.

"மாலை தொங்கினது தெரியாம ஸ்டார்ட் பண்ணினவன்" என்றுதான் முகாம் முழுக்கப் பேச்சு. குடித்திருந்தார் என்றும் சிலர் சொன்னார்கள்.

நான் வேலையைப் பார்த்தேன். வெளியே போகும் குழாயில் இரண்டு ரப்பர் மூட்டுகள். ஒவ்வொரு மூட்டின் இரு நுனியிலும் ரப்பரை இறுக்கிப் பிடிக்க இரண்டு நட்டோடு ஒரு கிளாம்ப். முதல் மூன்றும் கைக்கு எட்டும் இடத்தில். நான்காவது பம்புக்குப் பின்னால், கப்ளிங்குக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடுக்கில். பக்கவாட்டில் படுத்து ஒரு கையைத் தோள்வரை நுழைத்து, தடவித்தான் நட்டைப் பிடிக்கவேண்டும். இரண்டாவது கைக்கு அங்கே இடமில்லை.

அந்த மூட்டின் பழைய ஹோஸைக் கழற்றிப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான்காவது கிளாம்பின் இரும்புப் பட்டி ரப்பருக்குள் இறங்கி, சுற்றிவரச் சீராக அறுத்திருந்தது.

"இதை ஆர் இப்பிடி இறுக்கினது?"

"யாரும் இறுக்கலீங்க பாஸ்."

"அப்ப ரப்பர் தன்ரபாட்டில அறுந்ததோ?"

"நான் அந்த இடுக்குப் பக்கம் தலை வச்சே ரெண்டு மாசமாச்சுங்க. ஹோஸை முகாம் ஆளுங்கதான் வந்து மாட்டிட்டுப் போனாங்க." அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லச் சொன்னார். "நீங்களாவது கேளுங்க பாஸ். அன்னிக்கு ஹாண்டில்ல மாலை இல்லீங்க. வெறும் ஹாண்டில். என் ரெண்டு கண்ணால பார்த்தேன். கூப்பிட்டும் பார்த்தேன், பதில் வரல. ஷெல் சத்தத்துல அவருக்குக் காது அடைச்சிருக்கும் போல."

நான் நம்பவில்லை. லோறன்ஸ் மாலை கொழுவாமல் கை வைக்கமாட்டார் என்று எல்லோரும் சத்தியம் பண்ணுகிறார்கள். இந்த மனிதர் தன் தலையைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று நினைத்தேன். எனக்கு அப்போது வாயும் கொஞ்சம் நீளம். "உமக்குக் கண் சரியில்லை" என்று சொல்லிவிட்டு ஹாண்டிலைக் கழற்றி என் முழங்காலுக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தேன்.

கிளாம்ப் இறுக்குவதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. எஞ்சினை நிறுத்து. குழாயில் நிற்கும் தண்ணீரை இறக்கி விடு. இரண்டு நட்டையும் மாறி மாறிக் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்கு. ஒரு பக்கத்தையே முடுக்கினால் பட்டி சரிந்துவிடும். ரப்பர் ஓரத்தில் மெல்லிய உதடு பிதுங்கினால் கையை எடு. அதற்கு மேல் ஆசைப்பட்டால் இரும்பு ரப்பரைத் தின்றுவிடும். நான் அளவோடு நிறுத்தினேன். பிறகு நட்டின் தலையிலும் போல்ட்டின் நுனியிலும் சேர்ந்தாற்போல அரத்தால் ஒரு கீறு போட்டேன். யாராவது திருப்பினால் கீறு விலகிக் காட்டிக்கொடுக்கும்.

எஞ்சின் ஓடியது. அன்று பின்னேரம் முகாமுக்குத் திரும்பியபோது என் மகள் ஒரு பேணியில் தண்ணீர் வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டு நின்றாள். வயிறு முன்னே தள்ளியிருந்தது. இன்னும் வேணும் என்று கேட்டாள். எனக்கு அன்று இரவு நல்ல நித்திரை.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு எஞ்சினை நிறுத்தினோம். சூடு தணிய இரண்டு மணித்தியாலம் வேண்டும். நிறுத்தியதும் கதிர்காமு அவசரமாக வெளியே நடந்தார்.

"பன்னெண்டு மணிக்கு நான் உள்ளார இருக்கமாட்டேங்க."

வெளியே பாலை மரத்தின் கீழ் ஒரு பெண் வெள்ளைச் சீலையில் இருந்தார். லோறன்ஸின் மனைவி செலீனா. அந்த ஷெல் விழும் பாதையில் தினமும் மத்தியானம் நடந்து வந்து அங்கே குந்தியிருந்துவிட்டுப் போவாராம். முன்பு புருஷனுக்குச் சாப்பாடு கொண்டுவந்த நேரம். உள்ளே மட்டும் வருவதில்லை.

நான் வாசற்படியில் சாய்ந்து கண்ணை மூடினேன்.

கிறீக்.

கண் திறந்தேன். உள்ளே இருட்டு.

கிறீக்.

நடுவில் ஒரு இடைவெளி. ஒரு கை ஒரு நட்டை விட்டு அடுத்த நட்டுக்குப் போகிற அளவு இடைவெளி. பதினொரு வருடம் கேட்ட சத்தம் எனக்குத் தெரியாதா? யாரோ பொறுமையாக, முறையாக, வேலை தெரிந்த கையால் கிளாம்ப் இறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஆரது?"

சத்தம் நிற்கவில்லை.

டோர்ச்சுக்குப் பற்றரி இல்லாத காலம். கண்ணாடித் துண்டை எடுத்து வாசல் வெயிலைப் பிடித்து இடுக்குக்குள் அடித்தேன். வெளிச்சம் சுவரில் ஊர்ந்தது. பிறகு கிளாம்பில் விழுந்தது.

இடுக்கில் யாருமில்லை.

நட்டு கால் சுற்றுத் திரும்பியது.

என் அரக் கீறு இரண்டாகப் பிரிந்து விலகி நின்றது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த நட்டும் திரும்பியது. என் கழுத்துக்குப் பக்கத்தில் சூடான கிறீஸ் மணம் எழுந்தது, ஒரு ஆள் அருகில் படுத்திருந்து மூச்சு விடுகிற மாதிரி. நான் சைக்கிளைக்கூட எடுக்காமல் பாலை மரத்தடிக்கு ஓடினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஓடினேன்.

கதிர்காமு என்னைப் பார்த்தார். தள்ளி இடம் விட்டார்.

இரண்டு மணிக்குச் சத்தம் நின்றது. நான் போய் நட்டுகளைப் பழைய கீறுவரை தளர்த்தினேன். அடுத்த மத்தியானம் அவை மறுபடி திரும்பின. போல்ட்டின் நுனியைச் சுத்தியலால் அடித்து நசுக்கி, நட்டு நகராதபடி செய்தேன். மறுநாள் மத்தியானம் இரும்புத் தூள் உதிர உதிர நட்டு நகர்ந்தது. எஞ்சின் ஓடும்போது அது கிளாம்பைத் தொடுவதில்லை என்று கண்டு, வெள்ளிக்கிழமை மத்தியானம் நிறுத்தாமல் ஓட்டினேன். ஒரு மணிக்கு எஞ்சின் கொதித்து, இறுகிப் போகப் பார்த்தது. நிறுத்தவேண்டி வந்தது. நிறுத்தியதும் அது தொடங்கியது.

இரண்டு மணிக்கு அது ஓய்ந்ததும் ரப்பரில் விரலை வைத்துப் பார்த்தேன். பட்டி பாதி ஆழம் இறங்கிவிட்டது. இன்னும் ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள். என் மகள் பேணியோடு நின்றது கண்ணுக்குள் வந்தது. எனக்குப் பயத்தைவிட ஆத்திரம் கூடிவிட்டது. நேரே மரத்தடிக்குப் போனேன்.

"அக்கா, உங்கடை மனிசன் உள்ளுக்கு நிக்கிறார். எங்கடை பிள்ளையளின்ர தண்ணியை அறுக்கிறார். ஏனெண்டு உங்களுக்குத் தெரியுமெண்டால் சொல்லுங்கோ."

செலீனாக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. மடியில் அவருடைய கை மூடியிருந்தது. விரல்களுக்கு நடுவில் மணிகள் தெரிந்தன. தூண்டில் தங்கூசி நரம்பில் கோத்த செபமாலை. மணிகளின் நடுவெல்லாம் கறுப்பாகக் கிறீஸ் ஏறியிருந்தது. வீட்டில் செபம் சொல்கிற பெண்ணின் மாலையில் கிறீஸ் எப்படி ஏறும்?

"இது அவரின்ர மாலையோ?" என்றேன்.

அவர் மணிகளை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"நான்தான் எடுத்தனான்."

கதிர்காமு எழுந்து நின்றார்.

"சாப்பாடு கொண்டுவந்தனான். ஷெல் விழுந்துது. அவரைக் கூப்பிட்டன். 'கை உள்ளுக்கு இருக்குது, நீ ஓடு' எண்டார். எனக்கு ஒண்டும் தோணேல்லை தம்பி. மாதாவே, அவருக்கு ஒண்டும் வரக்கூடாதெண்டு சொல்லிக்கொண்டு... கையில என்ர மாலை இல்லை. முன்னால இது தொங்கினது. இழுத்துக்கொண்டு பங்கருக்கு ஓடினனான். அவருக்காகத்தான் செபம் சொன்னனான். மாலையின்ர அஞ்சு தேவ இரகசியமும் சொல்லி முடிய முந்தி எஞ்சின் சத்தம் கேட்டுது."

சோளகம் மணலை வாரி எங்கள் காலில் அடித்தது. கதிர்காமு பம்ப் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ நான் பார்த்தது சரி" என்றார். மறுபடியும், "நான் பார்த்தது சரிதாங்க." அழுதார். செலீனாக்காவைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "நீங்க கும்பிடத்தானேங்க எடுத்தீங்க" என்றார். இரண்டு மாதம் கொலைகாரன் என்ற பெயரைச் சுமந்த மனிதர் அப்படிச் சொன்னார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை.

யோசனை என்னுடையதுதான். பழியை வேறு யார் தலையிலும் போடமாட்டேன். கொழுவியவர்தான் எடுக்கவேண்டும் என்பது லோறன்ஸ் போட்ட சட்டம். அவர் எடுக்கவே இல்லை. அதனால் வேலை அவருக்கு முடியவில்லை. மாலையைத் திரும்ப ஹாண்டிலில் கொழுவினால் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார். இது எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு எஞ்சினை நிறுத்தினேன். கதிர்காமு முதல் தடவையாக உள்ளே நின்றார். செலீனாக்கா செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினார். கோவிலுக்குள் வருகிற மாதிரி வந்தார். மாலையை இரண்டு கையாலும் பிடித்து ஹாண்டிலில் போட்டார்.

"இஞ்ச இருக்குது, உங்கடை மாலை" என்று இருட்டைப் பார்த்துச் சொன்னார். "எடுத்துக்கொண்டு வெளியில வாங்கோ."

இடுக்கில் தொடங்கியிருந்த சத்தம் நின்றது.

நாங்கள் மூன்று பேரும் மூச்சு விடவில்லை.

ஏதோ தரையில் உரசியது. ஒரு ஆள் பக்கவாட்டில் நகர்ந்து, எழுந்து நிற்கிற சத்தம். கிறீஸ் மணம் என்னைத் தாண்டிப் போனது.

ஹாண்டிலில் மாலை அசைந்தது. மணிகள் இரும்பில் தட்டின. ஒன்று, இரண்டு, மூன்று. யாரோ அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறார்கள்.

"எடுங்கோ" என்று செலீனாக்கா கிசுகிசுத்தார். "எடுங்கோவன்."

மாலை ஆடி ஆடி ஓய்ந்தது. ஹாண்டிலிலேயே தொங்கியது.

வெகுநேரம் ஒன்றும் இல்லை. முடிந்தது என்று நினைத்தேன். சிரித்துக்கூட விட்டேன்.

கிறீக்.

அது இடுக்கிலிருந்து வரவில்லை. வாசலுக்குப் பக்கத்தில், வெயில் விழுகிற இடத்தில், முதலாவது கிளாம்ப். கண்ணாடி தேவைப்படவில்லை. மூன்று பேரும் வெறுங்கண்ணால் பார்த்தோம். நட்டு கால் சுற்றுத் திரும்பியது. நின்றது. மற்ற நட்டு கால் சுற்றுத் திரும்பியது.

கதிர்காமு நட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார். "அவரு வேலைக்கு எறங்கினா நாலையும் பார்ப்பாருங்க. அன்னிக்கு ஒழுகுதுன்னு நாலாவதுல தொடங்கினாரு. இப்போ மாலை இருக்குல்ல. பயமில்லாம மொதல்லேருந்து பார்க்கிறாரு."

எனக்கு விளங்கியது. அந்த மனிதருக்கு நாங்கள் பாதுகாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். இனி அவர் அவசரப்படவே தேவையில்லை.

ரப்பர் முனகத் தொடங்கியது. எஞ்சினை ஓட விட்டால் ஒழிய அவர் நிற்கமாட்டார். கொதித்தால் கொதிக்கட்டும், எஞ்சின் போனால் போகட்டும் என்று ஹாண்டிலை நோக்கிப் பாய்ந்தேன்.

கதிர்காமு குறுக்கே நின்றார். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"உள்ள ஆள் இருக்குங்க பாஸ்."

"செத்த மனிசன், கதிர்காமு!"

"செத்துட்டாருன்னு அவருக்குத் தெரியலீங்களே. மாலை தொங்குது. ஒருக்கா செஞ்சுட்டேன். இன்னொரு வாட்டி என்னால முடியாதுங்க. உங்களையும் விடமாட்டேன்."

அவர் ஒல்லியான ஆள். ஒரு தள்ளுத் தள்ளியிருந்தால் விழுந்திருப்பார். செலீனாக்கா என் காலடியில் விழுந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டார். "மாலையைத் திரும்ப எடுக்கவேண்டாம் தம்பி. திரும்ப வேண்டாம்." அவர்களால்தான் நான் நின்றேன் என்று சொன்னால் அது பொய். பதினொரு வருடப் பழக்கம், ஆள் உள்ளே இருக்கும்போது என் கை ஹாண்டிலுக்குப் போகவில்லை. அவ்வளவுதான்.

முதல் கிளாம்பின் அடியில் ரப்பர் ஒன்றே முக்காலுக்கு அறுந்தது. குழாயில் நின்ற தண்ணீர் முழுக்க எங்கள் காலுக்குக் கீழே ஓடி மணலுக்குள் போனது. அது வேலையை நிறுத்தவில்லை. இரண்டாவது, மூன்றாவது. நான்காவது அறுந்தபோது மூன்று மணி.

லூர்தம்மாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவர் ஏசவில்லை. கதிரையில் இருந்து, "சரி" என்று மட்டும் சொன்னார்.

செலீனாக்கா முகாமுக்குத் திரும்பவில்லை. மாலையை யாரும் எடுத்துவிடாமல் ஹாண்டிலுக்குப் பக்கத்தில் காவல் இருக்கிறார் என்று கதிர்காமு சொன்னார். கொடுத்தனுப்பிய சோற்றுப் பார்சல் பிரிக்காமல் திரும்பி வந்தது.

நான் தினமும் விடியற்காலையில் சைக்கிளில் கிணற்றுக்குப் போய் ஒரு கான் தண்ணீர் கொண்டுவந்தேன். பக்கத்துக் குடிசைப் பிள்ளைகள் கானைப் பார்த்துக்கொண்டு நிற்கும். என் மனைவியால் அதைத் தாங்க முடியவில்லை, அள்ளிக் கொடுத்தாள். எங்கள் நாலு வயதுப் பிள்ளை விளையாடப் போன இடத்தில், தாகம் எடுத்தபோது, மற்றப் பிள்ளைகளோடு குழித் தண்ணீரைக் குடித்தாள். இதில் நான் யாரைக் குறை சொல்ல? அதன் பின் வந்த பதினைந்து நாளில் பதினொரு பிள்ளைகள் போனார்கள். என் மகள் ஏழாவது. கடைசியில் நாக்கு உலர்ந்து, கண்ணீர்கூட வராமல் அழுதாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் மத்தியானம் நான் பம்ப் வீட்டுக்குப் போனேன். எதற்கென்று மறைக்கவில்லை. மாலையைப் பிடுங்கி எறிந்துவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணப் போனேன். தண்ணீருக்கு அல்ல. குழாயில் ரப்பரே இல்லை. அவர் உள்ளே இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணவேண்டும் என்று போனேன். என் பிள்ளையின் தண்ணீரை அறுத்த கையை இன்னொரு தரம் கப்ளிங் பிடிக்கட்டும் என்று போனேன்.

மரத்தடியில் யாருமில்லை. ஹாண்டிலுக்குப் பக்கத்திலும் யாருமில்லை. செலீனாக்காவின் செருப்பு மட்டும் பம்புக்குப் பின்னால், இடுக்கின் வாயில், பக்கத்துப் பக்கத்தில் ஒழுங்காகக் கழற்றி வைத்துக் கிடந்தது.

நான் மாலையைப் பிடித்தேன்.

மணிகள் சூடாக இருந்தன, இப்போதுதான் ஒரு கை விட்ட மாதிரி.

இடுக்கில் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் மாலையைப் பிடித்ததும் அது நின்றது.

"செலீனாக்கா?"

ஒரு கை மாலையில் இருக்க, மறு கையால் கண்ணாடியைத் திருப்பி வெயிலை உள்ளே அடித்தேன். ஒரு கைக்கு மேல் நுழையாத அந்த இடத்தில் ஒருவரும் இல்லை. ரப்பர் போய் வெறும் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்காவது கிளாம்ப். இரண்டு நட்டும் பளபளவென்று இருந்தன.

உள்ளே யாரோ காத்துக்கொண்டிருந்தார்கள். நான் என்ன செய்யப் போகிறேன் என்று தெரிந்து, ஓடாமல், கையை வெளியே எடுக்காமல் காத்துக்கொண்டிருந்தார்கள். என் மகளின் பெயரைச் சொல்லி அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மாலையைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக விட்டேன்.

கடைசி விரலையும் எடுத்த பிறகுதான் அந்த இரண்டு நட்டும் திரும்பத் தொடங்கின. ஒரு கை செய்வதுபோல ஒன்று மாறி ஒன்று அல்ல. இரண்டும் ஒரே நேரத்தில்.